மாமரத்தைச் சுற்றி ஒரு சென்றி

எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். அதனால் மகளைப் பெற்றவர்கள் அவள் நடை பழகும்போதே கல், மண், சீமெந்து என்று கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு ஒரே மகள். என் உம்மா எனக்குத் தந்த வீட்டை நான் அவளுக்குக் கொடுக்க வேண்டும். உம்மா தந்த மாதிரியே கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், முகத்தால் எல்லாம் சொல்வார்கள். ஆகவே முன்பக்கம் ஒரு புது மண்டபம், அதற்கு முன்னால் கார் நிற்க ஒரு போட்டிக்கோ, நிலத்துக்கு டைல்ஸ் என்று முடிவெடுத்தோம். யுத்தம் முடிந்து அடுத்த வருஷம் வேலை தொடங்கியது.

நான் அப்போது ஊர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வயல்காரர். கதை குறைவு, சிரிப்பு அதிகம். எங்கள் இரண்டு பேரில் யாருக்குக் கோபம் வரும் என்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்.

முன் முற்றத்தில் மூன்று மரங்கள் நின்றன. மதிலோரம் ஒரு வேம்பு, வீட்டுப் பக்கம் சரிந்த ஒரு தென்னை, நடுவில் ஒரு மாமரம். பிளான் கீறித் தந்தவர் மூன்றையும் கண்டுகொள்ளவே இல்லை. அவருடைய தாளில் எங்கள் முற்றம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெள்ளையின் நடுவில், சரியாக மாமரம் நிற்கிற இடத்தில், போட்டிக்கோவின் ஒரு தூணைக் குத்தியிருந்தார்.

மாமரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர் வந்தது. நாங்கள் மூவரும் பிரதான வீதிக்கு ஓடித் தப்பிவிட்டோம். திரும்பி வந்தபோது வீடு நின்றது, கிணறு உப்பாகிவிட்டது, இரண்டு கிழமைக்குள் மாமரம் ஓர் இலை இல்லாமல் கொட்டிவிட்டது. விறகுக்காவது வெட்டுங்கள் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். நான் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது. அதற்குப் பிறகு பவுசர் லொறியில் வந்த நல்ல தண்ணீரில் அரிசி கழுவியது, முகம் கழுவியது எல்லாவற்றையும் அதன் அடியில்தான் ஊற்றினேன். பாடசாலைக் கட்டடமும் போய்விட்டது. நிவாரணமாகத் தந்த கூடாரச் சீலையை அந்த மொட்டைக் கிளைகளில் இழுத்துக் கட்டி, அதற்குக் கீழே முப்பது சொச்சம் பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தேன். இடாப்பில் பெயர் இருந்து, கூப்பிட்டால் பதில் வராத பிள்ளைகளும் இருந்தார்கள். அதை எழுத இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு ஒருநாள் பாடத்தின் நடுவே ஒரு பிள்ளை மேலே கையைக் காட்டினாள். செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தது. அன்றைக்கு நேரத்தோடே வகுப்பை விட்டுவிட்டேன்.

ஆகவே எனக்கு அந்த மரம் வேண்டும். என் மகளுக்கு நான் கொடுக்கிற வீட்டின் முற்றத்தில் அது உயிரோடு நிற்க வேண்டும். இதுதான் என் பிடிவாதம். இனி வருவதெல்லாம் இந்தப் பிடிவாதத்தால் வந்ததுதான்.

மேசன் வேலைக்கு நற்பிட்டிமுனையிலிருந்து ஒருவரைப் பிடித்தார் என் கணவர். என் வயதுதான் இருக்கும், தமிழர். அவருடைய ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் சைக்கிளில் போகிற தூரம்தான். இருந்தாலும் யுத்த காலத்தில் பல வருஷம் அங்கிருந்து இங்கேயோ இங்கிருந்து அங்கேயோ ஒருவரும் கைவேலைக்குப் போகவில்லை. நெடுநாளைக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வந்த முதல் தமிழ் மேசன் அவர். நம்மட ஆக்கள் இல்லையா என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். சுவர் நேராக நிற்குமா என்பதுதான் என் கேள்வி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வேலை தொடங்க முன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மரங்களுக்குப் பரீட்சை வைத்தேன். அளவு நாடா, பென்சில், அப்பியாசக் கொப்பி, குசினிக் கத்தி. கத்திப் பிடியால் தண்டைச் சுற்றித் தட்டினேன். உள்ளே கோறையாக இருந்தால் சத்தத்தில் தெரியும். வேரடியில் கறையான் மண் ஏறியிருக்கிறதா, பட்டை வெடித்து நீர் வடிகிறதா, கிளை பிரிகிற இடத்தில் பிளவு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தென்னையின் தண்டில் துளைகள் இருந்தன, பழுப்பாகச் சாறு வடிந்திருந்தது. காதை வைத்தால் உள்ளே வண்டுப்புழு கறுமுறு என்று தின்பது கேட்டது. தென்னை பெயில். வேம்பில் கூரைக்கு மேலால் நீண்ட ஒரு கிளையை மட்டும் கழிக்க வேண்டும். அதற்குச் சாதாரண சித்தி. மாமரத்தில் எங்கே தட்டினாலும் நல்ல கனத்த சத்தம். கூடாரக் கயிறு அறுத்த இடத்தில் ஒரு சின்னக் கிளை காய்ந்திருந்தது, மற்றப்படி ஒரு குறையும் இல்லை. அதிவிசேட சித்தி என்று கொப்பியில் எழுதினேன். கணவர் எட்டிப் பார்த்து, "புள்ளைகளுக்குப் போடாத மாக்ஸெல்லாம் மரத்துக்குப் போட்டிரிக்கிறீங்க" என்றார்.

தென்னையை மறுநாளே வெட்டுவித்தேன். அதில் எனக்குக் கவலை இல்லை. விழுகிற மரத்தைக் கலியாண வீட்டில் வைத்திருக்க முடியாது.

மேசனார் பிளானை விரித்துப் பார்த்தார், மாமரத்தைப் பார்த்தார்.

"டீச்சர், இது நிண்டா போட்டிக்கோ வராது."

"அப்ப போட்டிக்கோ வேணாம்."

உள்ளேயிருந்து என் மகள் வந்தாள். அவள் ஏதோ ஒரு சஞ்சிகையிலிருந்து போட்டிக்கோ படத்தை வெட்டி வைத்து, சிநேகிதிகளுக்கெல்லாம் காட்டி முடித்திருந்தாள். "வாற ஆக்கள் மாங்காயையா பாக்கப் போறாங்க?" என்று கேட்டாள். கடைசியில் மேசனார்தான் வழி சொன்னார். போட்டிக்கோவை வேம்புப் பக்கம் தள்ளிக் கொஞ்சம் ஒடுக்கமாக்கினால் கார் மூக்கையாவது நுழைக்கும் என்றார். மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சுவருக்கு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

அத்திவாரம் வெட்டும்போது மணிக்கட்டுத் தடிப்பில் மாவேர் ஒன்று குறுக்கே வந்தது. இடைவேளைக்கு ஓடி வந்து பார்த்த நேரம் மேசனார் வேரைச் சுற்றி ஈரச் சாக்குப் போட்டு வைத்திருந்தார். "உங்களக் கேக்காம வெட்ட எனக்குத் தைரியம் வரல்ல" என்றார். வேருக்கு மேலால் பீம் போட்டுக் கடந்து போக முடியாதா என்று கேட்டேன். ஈர மண்ணில் விரலால் கீறிப் பார்த்துவிட்டு, செய்யலாம் என்றார். செய்தும் விட்டார். வேரைச் சுற்றி ஒரு கை நுழைகிற அளவுக்கு இடமும் விட்டார். அந்த வேலைக்கு நான் அவரை ஒருதரம்கூடப் பாராட்டவில்லை. பாராட்டியிருக்கலாம்.

மரத்தின் நிழல் விழுகிற எல்லையை அளந்து கம்பு நட்டேன். என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் வாப்பா மீன்பிடிக்கிறவர். அவர் தந்த பழைய வலையைக் கம்புகளில் சுற்றிக் கட்டினேன். வலைக்குள்ளே மணல் கொட்டக்கூடாது, கல் அடுக்கக்கூடாது, சீமெந்து கரைத்த வாளியைக் கழுவி ஊற்றக்கூடாது, தண்டில் ஆணி அடித்துச் சட்டை கொழுவக்கூடாது. பாடசாலை விட்டு வந்ததும் உடுப்பு மாற்ற முன் வலையைச் சுற்றி ஒரு நடை நடப்பேன்.

"என்ன டீச்சர், றோட்டுல ஆமி காவலுக்குப் போட்ட எல்லாச் சென்றியையும் கழட்டிக்கிட்டு வாறாங்க. நீங்க வீட்டுக்குள்ள புதுசா ஒண்டு போட்டிரிக்கிறீங்க" என்றார் மேசனார்.

கணவர் விடுவாரா? "அது சென்றி இல்ல, மரம் இத்தா இரிக்கி. ஆம்புளைகள் உள்ள போப்படா" என்றார். புருஷன் மௌத்தான பெண் மறைவில் இருக்கிற மாதிரித்தான் மரமும் வலைக்குள் இருந்தது. தெருவில் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் வலையைக் கழற்றவில்லை.

ஐந்து மாதம் அப்படியே போயிற்று. சுவர் ஏறியது, கொங்கிறீற் போட்டார்கள், பூசினார்கள். மாமரத்தில் ஒரு கீறல் விழவில்லை. மாப்பிள்ளையும் பேசி முடித்தாயிற்று. மாரி மழை ஓய்ந்ததும் கலியாணம் என்று நாளும் குறித்தார்கள். நான் மிகவும் திருப்தியாக இருந்தேன்.

அந்த நேரம்தான் எங்கள் வீதிக்குத் தார்க் காப்பெற் போட வந்தார்கள். யுத்தம் முடிந்த கையோடு எல்லா வீதிகளையும் செய்துகொண்டு வந்தார்கள், எங்கள் முறையும் வந்தது. நல்ல வீதி, குறை சொல்ல முடியாது. ஆனால் கல்லுக்கு மேல் கல் கொட்டி இறுக்கியதில் வீதி எங்கள் முற்றத்தைவிட இரண்டடி உயர்ந்துவிட்டது. ஐப்பசியில் விழுந்த முதல் மழைத் தண்ணீர் முழுவதும் கேற்றடியால் எங்கள் முற்றத்துக்குள் வந்து நின்றது. கணுக்காலளவுதான்.

எனக்குத் தண்ணீரைப் பயம். கடலுக்குப் பிறகு வந்த பயம். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற நான், அந்தக் கணுக்கால் தண்ணீரைக் கண்டு மண்டபத்துக் கதிரையில் ஏறி நின்றேன். கணவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக் கையைப் பிடித்து இறக்கினார். என் மகளின் வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். அடுத்த நாளே உழவு மெசினில் கிறவல், அந்தச் சிவப்புச் சரளை மண், வந்து இறங்கத் தொடங்கியது. முற்றத்தை வீதி மட்டத்துக்கு உயர்த்துவது, மேலால் கலியாண வீட்டுக்கு ஏற்ற மாதிரி வெள்ளை மணல் பரப்புவது. எங்கள் தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

மேசனார் வலையைக் காட்டி, "மரத்தடியிலயும் போடுறதா டீச்சர்?" என்று கேட்டார்.

"கட்டுற வேலை முடிஞ்சிதானே. கழட்டுங்க. எல்லா இடமும் ஒரே மட்டமா வரணும்" என்றேன்.

அவர் இன்னொருதரம் என்னைப் பார்த்தார், பிறகு வலையைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். தண்டு முழங்காலளவுக்குக் கிறவலில் மறைந்தது. நீர் தெளித்து, உழவு மெசினை ஏற்றி இறுக்கினார்கள். வெள்ளை மணலும் போட்டதும் முற்றம் பெருநாள் உடுப்புப் போட்ட பிள்ளை மாதிரி இருந்தது. மாமரமும் கொஞ்சம் கட்டையாகி அழகாகத்தான் தெரிந்தது. மரத்துக்குப் புது மண் கிடைத்தது என்று நான் நினைத்தேன். அல்லாஹ்வின் மேல் ஆணையாக, அப்படித்தான் நினைத்தேன்.

மழை ஒன்றரை மாதம் அடித்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. வெயில் வந்தபோது மாமரத்தின் உச்சி இலைகள் மஞ்சளாக இருந்தன. மாமரம் இலை கொட்டுகிற காலம் அது இல்லை. ஒரு கிழமையில் மஞ்சள் கீழே இறங்கியது. மகள் காலையும் மாலையும் வெள்ளை மணலில் இலை கூட்டினாள். கலியாணத்துக்கு இன்னும் நாலு கிழமை இருந்தது.

மண்டபத்தில் டைல்ஸ் பதிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. டைல்ஸில் ஒட்டிய சீமெந்தைக் கழுவ அசிட் பாவிப்பார்கள். வெறும் அசிட் போத்தல் ஒன்று மாமரத்துப் பக்கம் சுவரோரம் கிடந்தது. அதைக் கண்டதும் எனக்குத் தலைக்குள் என்னவோ ஏறிவிட்டது. போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு மேசனாரிடம் போனேன்.

"மரத்தடியில என்ன ஊத்தினீங்க?"

"நான் ஒண்டும் ஊத்தல்ல டீச்சர். கழுவின தண்ணி எல்லாம் பின்னால கானுக்குள்ளதான் போற."

"அப்ப மரம் சும்மா சாகுதா? ஆரம்பத்துலயே இத வெட்டணுமெண்டுதானே நிண்டீங்க. தெருவுல சொல்லக்குள்ளயே நான் கேட்டிரிக்கணும்."

தெருவில் என்ன சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சொல் வாயை விட்டுப் போய்விட்டது. அவர் டைல்ஸ் பக்கம் திரும்பிக் குந்தினார். குழைத்த சீமெந்து வீணாகாமல் கடைசிக் கல் இரண்டையும் பதித்தார். கரண்டியைக் கழுவினார், பின்னால் வடிகானில்தான் கழுவினார். பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போய்விட்டார். மண்டபத்தின் பாதிக்கு நிலம் போட்டபடி, பாதிக்கு வெறும் சீமெந்து.

எனக்கு அப்போதும் கோபம் தணியவில்லை. சாட்சியோடு அவர் முன்னால் போய் நிற்க வேண்டும் என்றுதான் யோசித்தேன். சனிக்கிழமை காலை, பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து எடுத்து வந்த பாசிச்சாயத் தாளோடும் ஓர் அலவாங்கோடும் மரத்தடிக்குப் போனேன். அசிட் ஊற்றியிருந்தால் நீலத் தாள் சிவக்கும். மேல் மணலை நனைத்துத் தாளை வைத்தேன், நீலமாகவே இருந்தது. கிறவலில் வைத்தேன், நீலம். ஆழத்தில் ஊறியிருக்கும் என்று அலவாங்கால் குத்திக் குத்தித் தோண்டினேன். ஒன்றேகால் முழம் போனதும் நாற்றம் வந்தது. அடைபட்ட கான் நாற்றம். இறுகிப்போன கிறவலுக்குக் கீழே பழைய மண் கறுத்துச் சேறாகக் கிடந்தது. தண்டில், புதைந்த இடத்துப் பட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

ஆறாம் ஆண்டிலோ ஏழாம் ஆண்டிலோ வருஷா வருஷம் நான் ஒரு பாடம் நடத்துவேன். இரண்டு சாடியில் இரண்டு செடி. ஒன்றில் அளவாகத் தண்ணீர், மற்றதில் நிரம்ப ஊற்றி மூடி வைப்பது. இரண்டாவது ஏன் செத்தது, பிள்ளைகளே? வேரும் சுவாசிக்கும், டீச்சர். மிக நல்லது, இரு. அந்தப் பாடத்தை நான் இருபது வருஷத்துக்கு மேல் நடத்தியிருக்கிறேன். என் முற்றத்தில் அந்த மரத்தை மூக்கு வாய் பொத்திப் புதைத்தது நான். மரத்தடியிலயும் போடுறதா என்று அந்த மனிதர் கேட்டார். நான் போத்தலோடு போய் நின்றபோது அதை எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

நான் சேற்றிலேயே குந்தி அழுதேன். மரத்துக்காகப் பாதி, வெட்கத்தால் பாதி. கணவர் வந்து குழியைப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"வாங்க, நற்பிட்டிமுனைக்குப் போவம்" என்றார்.

அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனேன். மேசனார் வீட்டு வேலியோரம் தன் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். வழியெல்லாம் நான் யோசித்து வைத்த அழகான வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "அசிட் இல்ல. கிறவல். நான்தான் போடச் சொன்ன. அதோட, தெருவுல சொன்னத்த நான் சொல்லியிரிக்கப்படா. அது பெரிய பிழை" என்றேன்.

அவர் கையிலிருந்த கிறீஸைத் துடைத்தார். "நீங்க சொன்னது எனக்குச் சரியான கவலைதான் டீச்சர்" என்றார். சும்மா பரவாயில்லை என்று சொல்லாததற்காக அவரை எனக்கு அன்று மிகவும் பிடித்தது. பிறகு அவரே கேட்டார்.

"மரம் செத்துட்டா?"

"இன்னும் இல்ல."

"அப்ப நாளைக்கு வாறன்."

எங்கள் பாடசாலைக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை நான் லீவு போட்டேன். தண்டைச் சுற்றி ஐந்தடிக்குக் கிறவலை முழுவதும் வெட்டி எடுத்தோம். அலவாங்கு வேரில் பட்டுவிடும் என்று தண்டுக்குக் கிட்டே கையாலேயே அள்ளினோம். பட்டையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அழுகின இடத்தை மேசனார் கத்தியால் மெதுவாகச் சுரண்டினார். தண்டிலிருந்து நாலடி தள்ளி, பழைய மட்டத்திலிருந்து புது மட்டம்வரை, மிஞ்சிய செங்கல்லை வட்டமாக அடுக்கினார். சாந்து வைக்காமல், இடையில் காற்றுப் போகிற மாதிரி. பார்த்தால் ஆழமில்லாத கிணற்றுக்குள் மாமரம் நிற்கிற மாதிரி இருந்தது. வட்டத்துக்கு வெளியே, நிழல் விழுகிற எல்லைவரை, கிறவலைச் சரிவாக வெட்டி மெல்லியதாக்கினோம். வெட்டியெடுத்த கிறவல் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு முற்றத்துக்குப் போனது. அங்கேயும் ஒரு கொய்யா நிற்கிறது, அதன் அடியில் கொட்ட வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னேன்.

கலியாணத்துக்கு முந்தின கிழமை மாப்பிள்ளையின் மூத்த சகோதரி, அவருடைய ராத்தா, வீடு பார்க்க வந்தார். டைல்ஸைத் தடவினார், ஜன்னலைத் திறந்து மூடினார். வெளியே வந்து மாமரத்தைக் கண்டதும் நின்றார். பாதி இலை இல்லை, சுற்றிவரப் பள்ளம்.

"கலியாண ஊட்டு வாசல்ல என்ன புள்ள, கபுறு வெட்டின மாதிரி?"

எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் என் மகள் முன்னால் வந்தாள். "மரத்துக்கு மூச்சு அடைச்சிப் போச்சி மதினி. இப்ப விடுது. பள்ளம் இரிக்கும்" என்றாள். மாங்காயையா பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டவள்தான். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்காமல் ராத்தாவுக்கு அடுத்த அறையைக் காட்டப் போனாள்.

கலியாணம் நன்றாக நடந்தது. பள்ளத்துக்குள் ஒருவரும் விழவில்லை, ஒரு பிள்ளையின் செருப்பு மட்டும் விழுந்தது. மேசனாரும் மனைவியும் வந்து சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை தன் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் கணவரும் பின் அறைக்கு மாறினோம். வீட்டையும் வளவையும் மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்தோம்.

எங்கள் பக்கத்தில் மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பது குறைவு. அவர் மண்டபத்துக்கு வந்தால் நான் குசினிக்குப் போவேன். நான் குசினியில் நின்றால் அவர் இருமிவிட்டு வருவார். அவர் இரண்டடி தள்ளி நிற்கும்போதே, "மருமகனுக்கு இன்னும் கறி வேணுமா எண்டு கேளு மகள்" என்பேன். அவரும் "போதுமெண்டு மாமிக்கிட்டச் சொல்லு" என்பார். வகுப்பறையில் கத்துகிற என் தொண்டை சொந்த வீட்டில் குசுகுசுத்துப் பழகியது. நல்ல பிள்ளைதான். ஒரு கடையில் வேலை, சத்தம் போடாதவர். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு உண்மையில் தெரியாது.

மரம் மெதுவாகத் திரும்பியது. இலை கொட்டுவது முதலில் நின்றது. வைகாசி வெயிலில் வடக்குப் பக்கக் கிளை ஒன்றில் தளிர் வந்தது, பிறகு மற்றக் கிளைகளிலும். அந்த வருஷம் காய்க்கவில்லை. தெற்குப் பக்கம் ஒரு பெரிய கிளை செத்தே போய்விட்டது, மேசனார்தான் வாளால் அறுத்து இறக்கினார். மிச்சம் பச்சையாக நின்றது. நான் தினம் இரண்டு வேளை வட்டத்துக்குள் இறங்கி, விழுந்த குப்பையைப் பொறுக்கி, கல்லிடுக்கைப் பார்த்துவிட்டு வருவேன். ஒருவரையும் அந்த வேலையைச் செய்ய விடவில்லை. மகள் கேட்டாள், அவளையும் விடவில்லை.

அடுத்த மாரி கடுமையாக வந்தது. ஒருநாள் சுபஹுத் தொழுகை முடித்துத் தொழுகைப் பாயை மடிக்கும்போது முன்னால் தண்ணீர் அள்ளி ஊற்றுகிற சத்தம் கேட்டது. வீதித் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், பாயைப் பாதி மடிப்பிலேயே விட்டேன். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு முன் மண்டபத்துக்குப் போனேன். விடிகிற நேரம், மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. மாமரத்து வட்டம் நிறையத் தண்ணீர். மருமகன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவில் உள்ளே நின்று, பெயின்ட் வாளியால் அள்ளி அள்ளி வீதியோரக் கானுக்குள் வீசிக்கொண்டிருந்தார். மகள் மேலே நின்று அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள், குடை எதற்கு என்று தெரியவில்லை.

என்னைக் கண்டதும் அவர் அள்ளுவதை நிறுத்தினார். நான் உள்ளே திரும்பிவிட நினைத்தேன், ஆனால் கால் வரவில்லை. பிறகு அவர் நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மாமி, தண்ணி நிண்டா வேர் மூச்செடுக்காதாமே. ராவே வந்து பாத்த, அப்ப நிரம்பல்ல. இனி மழை உடும்வரைக்கும் நாங்க மாறி மாறி அள்ளுவம். நீங்க நனையாதீங்க, உள்ள போங்க."

இரவே வந்து பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது. வாளி பிடிக்கிற முறையிலிருந்து, கல்லை அசைக்காமல் கால் வைக்கிற முறையிலிருந்து, மகள் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பது தெரிந்தது. ஓரத்தில் இன்னொரு வாளி இருந்தது. நான் அதை எடுக்கத்தான் குனிந்தேன். அந்தத் தண்ணீருக்குள் நான் இறங்கமாட்டேன் என்பதும், இறங்கத் தேவையில்லை என்பதும் குனிந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

"கல்லுப் பக்கம் கவனம், மருமகன்" என்றேன், நேராக அவரிடமே.

"ஓம் மாமி."

வாளியை மகளின் கையில் கொடுத்துவிட்டு, குடையை வாங்கி மடக்கிக்கொண்டு, நான் உள்ளே போனேன்.